பட்டையும் பெட்டியும்

வாசலில் நின்ற ஜீப் வலப்பக்கம் சாய்ந்திருந்ததை எனக்கு முன்னால் கவனித்தவர் பால்காரர். "அண்ணே, வண்டி ஒரு பக்கமா ஒக்காந்துருச்சே" என்றார். டேப்பை எடுத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை இரண்டு பக்கமும் அளந்தேன். இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் ஒன்றேகால் அங்குலம் குறைவு. வேறு யார் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஓட்டுகிறவர் உட்கார்ந்தே ஆகவேண்டிய பக்கம் அது. 35 வருடங்களாக அந்தப் பக்கத்து வில் மற்றதைவிட ஓர் ஆள் கூடுதலாகச் சுமந்திருக்கிறது.

அப்பா இருந்திருந்தால் டேப்பைத் தேடியிருக்க மாட்டார். வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளிப் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பம்பரின் கோட்டை எதிர்வீட்டுத் திண்ணையின் கோட்டோடு வைத்துப் பார்ப்பார். "ரெண்டு வெரக்கடை எறங்கிருச்சு" என்பார். அவருக்கு விரற்கடை, எனக்கு அங்குலம், பின்னால் நான் வண்டியைக் கொண்டுபோன பட்டறையின் தம்பிக்கு மில்லிமீட்டர். அவர் 32 என்று எழுதிக்கொண்டார். மூன்று அளவையும் சரிபார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அளந்த பிறகு செய்தது மூன்று தலைமுறையிலும் ஒன்றல்ல.

வண்டி 1989-ஆம் வருடத்து எம்.எம்.540. மகிந்திரா அந்த மாடலை 1985-இல் கொண்டுவந்தது. முதன்முதலில் வந்த ஜீப்புகளின் சக்கர இடைவெளி 80 அங்குலம், இதற்கு 91. பியூஜோ டீசல் எஞ்சின், 62 குதிரைத்திறன். இன்று அந்த எண்ணைக் கேட்டால் சிறுவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் போடிநாயக்கனூரிலிருந்து மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களையும், மலையிலிருந்து இறங்குகிற ஏலக்காய் மூட்டைகளையும் சுமந்தவை இந்த 62 குதிரைகளும் அவற்றின் தம்பிகளும்தான். விடியற்காலை நான்கரை, ஐந்து மணிக்குத் தூக்குவாளிகளோடு ஜீப்புகள் கிளம்புவது அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அந்த ஜீப்புகளின் அடியில் இருப்பதுதான் மாறிவிட்டது.

அடியில் இருப்பதைத் தமிழில் சொல்வதற்கு நமக்கு ஜீப்புக்கு முன்பே ஒரு சொல் இருந்தது. வசதியான வீட்டார் ஏறிப்போன மாட்டு வண்டிக்கு வில் வண்டி என்று பெயர். கட்டை வண்டியில் அச்சின் மேல் நேராகப் பலகை உட்காரும். வில் வண்டியில் இடையே வளைந்த இரும்புப் பட்டைகள் இருக்கும். அதே வில்லைத்தான் 1941-இல் வில்லிஸ் கம்பெனி ராணுவ ஜீப்பின் நான்கு மூலையிலும் வைத்தது. 1947-இல் இந்தியாவுக்கு வந்த ஜீப்பிலும் அதுவே, எங்கள் எம்.எம்.540-லும் அதுவே. ஒன்றன்மேல் ஒன்றாக நீளம் குறைந்துகொண்டே போகும் பட்டைகள். மேலே இருக்கும் மெயின் பட்டையின் இரு முனைகளும் சுருட்டப்பட்டுக் கண்களாக இருக்கும். நடுவில் ஒரு சென்டர் போல்ட். எல்லாவற்றையும் அச்சோடு சேர்த்துப் பிடிக்க இரண்டு யு போல்ட். எங்கள் ஊரில் இந்த முழு அடுக்குக்குக் கட்டு என்று பெயர். "பின்னாடி கட்டு எறங்கிருச்சு" என்றால் எல்லோருக்கும் புரியும்.

அன்று கட்டு இறங்கினால் போன இடம், உதிரிபாகக் கடை அல்ல, கொல்லுப்பட்டறை. ஊரின் விளிம்பில், புளியமரத்தடியில், தகரக் கூரை போட்ட ஓர் இடம். பெரியவர் ஒருவர், அவருக்குச் சம்மட்டி அடிக்க ஒரு மருமகன், துருத்திக்குப் பதிலாகக் கையால் சுற்றும் ஊதுலைச் சக்கரம். வண்டி உள்ளே நுழைந்ததும் அவர் கட்டைப் பார்க்க மாட்டார். அப்பாவைப் பார்த்துக் கேட்பார்: "என்ன மாப்ள, இப்ப என்ன ஏத்துற?"

அந்தக் கேள்வியை நான் சிறுவனாக மூன்று நான்கு முறை கேட்டிருக்கிறேன். ஒரு வருடம் அப்பாவின் பதில், தோட்டத்துக்கு உரமூட்டை. இன்னொரு வருடம், ஆள். வேறொரு வருடம் எங்கள் பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்து, மாதம் இருமுறை மதுரைக்கு மருத்துவமனை போய்வர வேண்டியிருந்தது. அந்த முறை பெரியவர் இரண்டு பட்டைகளை உருவி எடுத்துத் திண்ணையில் சாத்தி வைத்துவிட்டார். "ஆத்தாவுக்கு நல்லாகட்டும், அப்புறம் வந்து மாட்டிக்க." பாட்டி தேறிய பிறகு அதே பட்டைகள் அதே திண்ணையிலிருந்து திரும்ப வண்டிக்குள் போயின. பாரத்துக்குத் தக்கபடி கட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒரு சேவை என்று யாரும் பெயர் வைத்துச் சொல்லவில்லை. பட்டை என்றால் அப்படித்தான்.

வேலை மெதுவாகத்தான் நடக்கும். யு போல்ட்டைக் கழற்ற அரைநாள். துரு ஏறியிருந்தால் ஒரு நாள். கட்டைப் பிரித்து ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியே தரையில் வைத்து, சுத்தியலால் தட்டிக் காது கொடுப்பார். நல்ல பட்டைக்கு ஒரு நாதம், விரிசல் விழுந்ததற்கு ஒரு தகரச் சத்தம். விரிசல் பெரும்பாலும் சென்டர் போல்ட் ஓட்டையை ஒட்டியே இருக்கும். யு போல்ட் தளர்ந்த வண்டியில் பட்டைகள் நடுவிலேயே மடங்கி மடங்கி நிமிர்வதால் ஓட்டையருகே முதலில் களைத்துப்போகும் என்பது இன்றைய விளக்கம். பெரியவரின் விளக்கம்: "நட்டு முறுக்காதவன் வண்டி நடுவுலதான் ஒடியும்." இரண்டும் ஒன்றுதான்.

வளைவு குறைந்த பட்டையை இரண்டு தாங்கல்களின் மேல் கிடத்தி, அங்குலம் அங்குலமாக நகர்த்தி, நடுவில் சம்மட்டி போடுவார்கள். மருமகன் ஓங்கி அடிப்பார். பெரியவர் சிறு சுத்தியலால் அடுத்த அடி விழவேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டுவார். வாய்ப்பேச்சு இருக்காது. வளைவு ஏறிய பட்டையைப் பழைய பட்டையின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவே ஒரு கீற்று தெரியவேண்டும். கட்டைச் சேர்த்து இறுக்கும்போது அந்தக் கீற்று மூடிக்கொண்டு ஒவ்வொரு பட்டையும் மற்றதை அமுக்கிப் பிடிக்கும்.

உடைந்த பட்டைக்குப் பதில் புதுப்பட்டை செய்ய நேர்ந்தால் உலை. ஜீப் பட்டை சிலிக்கானும் மாங்கனீஸும் கலந்த எஃகு, வியாபாரத்தில் இ.என்.45 என்பார்கள். ஏறத்தாழ 900 டிகிரிக்குச் சூடேற்றி எண்ணெயில் முக்கி, பிறகு 400-லிருந்து 500 டிகிரி அளவில் மறுபடியும் சூடாக்கிப் பதம் இறக்கவேண்டும். பெரியவரிடம் வெப்பமானி கிடையாது. இரும்பின் நிறமே அவருக்கு டிகிரி. அதனாலேயே உலையை எப்போதும் நிழலில் வைத்திருந்தார். வெயில் பட்டால் நிறம் ஏமாற்றும். முக்குவதற்குப் பழைய எஞ்சின் ஆயில். பதம் கூடினால் பட்டை ஒடியும், குறைந்தால் தொய்யும். அவர் கையில் இரண்டும் நடந்திருக்கின்றன.

நினைவில் அவரை நான் பெரிதாக்கிக்கொள்வது எனக்கே தெரிகிறது, அதனால் இதையும் சொல்லவேண்டும். சம்மட்டியால் வளைவு ஏற்றிய பட்டை ஆறேழு மாதத்தில் மறுபடி படுத்துவிடும். வருடத்துக்கு ஒருமுறையாவது அங்கே போனோம் என்பதற்கு அவர்மேல் இருந்த அன்பு மட்டும் காரணமல்ல. ஒருமுறை அவர் செய்து கொடுத்த மெயின் பட்டையே போடிமெட்டுச் சாலையில் பதினோராவது வளைவில் கண்ணருகே ஒடிந்தது. அச்சு பின்னால் நகர்ந்து, வண்டி நண்டு மாதிரிக் கோணலாக நின்றது. அப்பா தோட்டத்துக்காரர் ஒருவரிடமிருந்து சில்வர் ஓக் கட்டையும் கயிறும் வாங்கி, அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே கட்டையைச் செருகிக் கட்டி, முதல் கியரிலேயே கீழே இறக்கினார். பின்னால் இருந்த எட்டுப் பெண்கள் நடந்து வந்தார்கள். எங்களுக்கு முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

ஷாக் அப்சார்பர் இந்தக் கதையில் இதுவரை வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அன்று அது கதையில் இல்லை. வண்டியோடு வந்த நான்கு ஷாக்குகளும் மூன்று நான்கு வருடத்தில் எண்ணெய் கசிந்து செத்துப்போயின. அப்பா அவற்றைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். மலை ஜீப்புகள் பலவும் அப்படித்தான் ஓடின. அது முழு மடமை என்று சொல்லிவிட முடியாது. பல பட்டைகள் ஒன்றோடொன்று உரசுகிற உராய்வே துள்ளலை ஓரளவு அடக்கிவிடும். மணிக்கு 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் கல்லும் குழியுமான பாதையில் போகிற வண்டிக்கு அது ஏறக்குறையப் போதும். ஏறக்குறைய என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் ஆர்வக்கோளாறில் நான் ஒருமுறை பட்டைகளுக்கு நடுவே தாராளமாக கிரீஸ் பூசிவிட்டேன். உராய்வு போய்விட்டது. அன்று மாலை வண்டி தவளை மாதிரிக் குதித்துக்கொண்டு வீடு வந்தது. அப்பா பேசாமல் மண்ணெண்ணெய் எடுத்துத் துடைத்தார்.

அந்த வேகம் இன்று இல்லை. போடியிலிருந்து மெட்டு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆனால் தேசிய நெடுஞ்சாலை 49 என்று பெயர் எழுதிய கல் இப்போது 85 என்கிறது. மெட்டுக்கு அப்பால் மூணாறுவரை ஏறத்தாழ 42 கிலோமீட்டர் இருவழிச் சாலையாக அகன்று 2024-இல் திறக்கப்பட்டது. முன்பு கல் பட்டை உடைத்தது. இப்போது வேகம் ஷாக்கைக் கேட்கிறது. 60-இல் ஒரு வளைவுக்குள் நுழைந்து பிரேக் மிதிக்கும்போது, செத்த ஷாக் உள்ள ஜீப்பின் முன்பக்கம் குனிந்து, எழுந்து, மறுபடி குனியும். குனிந்து எழும் அந்த நொடிகளில் டயர் சாலையை முழுதாகப் பிடிப்பதில்லை. வில்லின் வேலை பாரத்தைத் தாங்குவது. தாங்கிய பிறகு துள்ளுகிறதே, அதை நிறுத்துவது ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய், எண்ணெயில் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் நுண்ணிய துளைகளும் வால்வுகளும். துள்ளலின் சக்தி அந்தத் துளைகளில் நெருக்குண்டு சூடாக மாறிப் போய்விடுகிறது. கரடுமுரடான பாதையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி நான்கு ஷாக்குகளையும் கையால் தொட்டுப் பார்த்தால் எது வேலை செய்யவில்லை என்பது தெரிந்துவிடும். சூடேறாமல் இருப்பதுதான் செத்தது.

இதைப் பெரியவர் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவருக்குத் தேவைப்படவில்லை. சொல்லித் தந்தவர் இப்போது நான் போகிற பட்டறையின் தம்பி. ஐ.டி.ஐ. படித்தவர், முப்பது வயதுக்குள். அவருடைய பட்டறையில் உலை இல்லை, புளியமரம் இல்லை. சிமெண்டுத் தரை, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, சுவரில் வரிசையாக ஸ்பேனர்கள், ஒரு டார்க் ரெஞ்சு. போனில் அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன மாடல் சார், என்ன வருசம்?" சொன்னேன். இரண்டு பார்ட் எண்களை அனுப்பினார். நான்கு நாட்களில் கூரியரில் எட்டுப் பெட்டிகள் வந்தன: நான்கில் பட்டைக் கட்டு, நான்கில் ஷாக். யு போல்ட், சென்டர் போல்ட், புஷ் எல்லாம் ஒரு பையில்.

பிரித்த அன்றுதான் அப்பாவின் காலம் முழுவதும் வெளியே வந்தது. பின் வலப்பக்கக் கட்டில், கம்பெனி வைத்த பட்டைகளோடு கூட இரண்டு. ஒன்று வேறு ஏதோ வண்டியிலிருந்து வந்து, அகலம் ஒத்துவர ஓரம் அறுக்கப்பட்டிருந்தது. இன்னொன்றில் உளியால் வெட்டிய ஒரு சிறு குறி. பெரியவர் தன் பட்டைக்கு வைக்கும் அடையாளம். மெயின் பட்டையின் முனை கீழ்ப்பட்டையில் உரசி உரசி ஒரு பள்ளம் தோண்டியிருந்தது. தம்பி அதில் விரல் வைத்துப் பார்த்து, "இது இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கிருக்காது சார்" என்றார். யு போல்ட்டுகளைக் கழற்ற அவர் அரைநாள் எடுக்கவில்லை. கிரைண்டரை வைத்து அறுத்து எறிந்தார். ஒருமுறை இறுகி நீண்ட யு போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாதாம். அப்பாவின் காலத்தில் நட்டு சுற்றும்வரை யு போல்ட் சாவதில்லை.

வேலையின் ஒழுங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வண்டியின் சட்டத்தை ஸ்டாண்டில் நிறுத்தி அச்சை மட்டும் ஜாக்கியில் இறக்குகிறார். பிரேக் ஹோஸ் இழுபடாமல் ஒரு கண் அதன்மேல். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதில்லை, எப்போதும் ஜோடியாகத்தான். புது ஷாக்கைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் மாட்டிவிடவில்லை. படுக்கையாக இருந்ததில் எண்ணெய்க்குள் புகுந்த காற்று போக, நிமிர்த்திப் பிடித்து ஏழெட்டுமுறை இழுத்து அமுக்கினார். முதல் இரண்டு இழுப்பில் கை லேசாக ஓடியது. பிறகு முழுநீளமும் ஒரே கனம். இழுக்கும்போது இறுக்கம் அதிகம், அமுக்கும்போது கொஞ்சம் குறைவு. கையை விட்டதும் தண்டு தானாகவே மெல்ல வெளியே வந்தது. உள்ளே நைட்ரஜன் வாயு. அப்பா பரணில் போட்ட பழைய ஷாக்கில் அது கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசியில் செய்த காரியம். கண்களில் ரப்பர் புஷ் வைத்து போல்ட்டைச் செருகிய பிறகும் அவர் நட்டை முறுக்கவில்லை. நான்கு சக்கரத்தையும் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் தள்ளி, பாரம் வில்லில் முழுதாக உட்கார்ந்த பிறகே படுத்துக்கொண்டு அடியில் போனார். தொங்குகிற நிலையில் முறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே கடித்துக்கொள்ளும், வண்டி இறங்கியதும் முறுகிக் கிழியும். பழைய வில்லிஸ் ஜீப்புகளில் கட்டின் கண்ணைச் சட்டத்தோடு இணைக்கும் மரை வெட்டிய ஷாக்கிளும் கிரீஸ் நிப்பிளும் இருந்த காலத்தில் இந்தக் கவலை இல்லை. அதற்குப் பதில் வாராவாரம் கிரீஸ் துப்பாக்கி பிடிக்கவேண்டும். அன்று வாரத்துக்கு ஒருமுறை கை அழுக்கானது. இன்று ஒரே ஒருமுறை, ஆனால் முறை தெரிந்திருக்கவேண்டும்.

காலை ஒன்பதுக்குத் தொடங்கி மதியம் இரண்டரைக்கு முடிந்தது. அப்பா காலத்தில் இரண்டு நாள். ஷாக்கின் மாற்றத்தை இருபதடி ஓட்டியதுமே உணர்ந்தேன். தண்டவாளம் தாண்டும்போது வண்டி ஒருமுறை எழுந்து, உட்கார்ந்து, அவ்வளவுதான். இத்தனை வருடம் நாங்கள் ஏன் அந்த நான்கு குழாய்கள் இல்லாமல் ஓட்டினோம் என்று இருந்தது. அதில் எனக்கு எந்த ஏக்கமும் இல்லை. ஷாக்கைப் பொறுத்தவரை அன்று என்பது வெறும் இல்லாமை.

பட்டை விஷயம் வேறு. புதுக் கட்டுகள் குறையில்லாதவை. உலையில் வெப்பம் அளந்து பதம் வைத்தவை; மேற்பரப்பைச் சிறு எஃகுக் குண்டுகளால் அடித்து இறுக்கியவை; அதனால் விரிசல் எளிதில் தொடங்காது. நான்கும் ஒரே உயரம். வலப்பக்கச் சாய்வு மாயமாகிவிட்டது. ஆனால் வண்டி பழையதைவிட இரண்டு அங்குலம் உயர்ந்து நின்றது, வேகத்தடையில் ஏறினால் முதுகெலும்பில் ஓர் உதை விழுந்தது. ஒரு வாரம் பொறுத்தேன். தோட்டத்தை விற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இப்போது என் ஜீப் சுமப்பது என்னையும் என் மனைவியையும் ஒரு பை காய்கறியையும். அந்தக் கட்டு, ஆளும் மூட்டையும் ஏற்றும் முழுபாரத்துக்குச் செய்தது. மாடலைக் கேட்டார்கள், வருடத்தைக் கேட்டார்கள். என்ன ஏற்றுவாய் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்கிறவர்கள் இல்லாமல் இல்லை. ஓல்ட் மேன் எமு போன்ற ஆஸ்திரேலியத் தயாரிப்புகளை வாங்கினால் ஒரே வண்டிக்கு இரண்டு மூன்று வகை வில் வைத்திருக்கிறார்கள். வழக்கமாக எவ்வளவு கிலோ ஏற்றுவீர்கள், முன்னால் வின்ச் உண்டா, பின்னால் எப்போதும் சாமான் இருக்குமா என்று கேட்டுத்தான் எண்ணைத் தருகிறார்கள். இரண்டாயிரம் மைல் வறண்ட பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கேள்வியின் அருமை தெரிந்திருக்கிறது. ஒரு முழு செட்டின் விலை நம்மூரில் பெரிய தொகை. பெரியவர் அதே கேள்வியை ஒரு டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார்.

இன்றைய புது வண்டிகளில் அந்தக் கேள்விக்கு இடமே குறைவு. 2010-இல் வந்த தார் வண்டியின் சி.ஆர்.டி.இ. மாடலில் முன்பக்கத்துப் பட்டை போய் டார்ஷன் பார் வந்தது, பின்பக்கத்தில் மட்டும் பட்டை மிஞ்சியது. 2020-இல் வந்த அடுத்த தாரில் பின்பக்கமும் சுருள் வில்லாகிவிட்டது. நான்கு மூலையிலும் பட்டை வைத்து 1985-இலிருந்து ஓடிய மாருதி ஜிப்சியும் நின்றுபோய், அந்த இடத்துக்கு 2023-இல் வந்த ஜிம்னியில் எல்லாமே சுருள்தான். சுருளில் உரசுவதற்குப் பட்டைகள் இல்லை. அடக்கும் பொறுப்பு முழுதும் ஷாக்கின் தலையில். சவாரி சுகம், மறுக்கமுடியாது. என் மகன் வைத்திருக்கும் தாரில் போடிமெட்டு ஏறும்போது என் மனைவி தூங்கிவிடுகிறாள். ஆனால் சுருளிலிருந்து ஒரு சுற்றை உருவித் திண்ணையில் சாத்தி வைக்க முடியாது. சட்டமும் இடம் தராது. அன்று வண்டியை எவ்வளவு உயர்த்தினாலும் எவரும் கேட்டதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இப்போது எல்லாப் பட்டறைக்காரர்களுக்கும் மனப்பாடம். ஆளை ஏற்றி மலையில் ஓடும் வண்டிகளை நினைத்தால், அந்தக் கண்டிப்பு பத்து வருடம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றே தோன்றுகிறது.

தம்பியிடம் திரும்பப் போனேன். பின்பக்கம் இரண்டு கட்டிலும் ஒவ்வொரு பட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். முதலில் தயங்கினார். "கம்பெனி செட்டு சார், பிரிச்சா வாரண்டி போயிரும்." பிறகு வண்டியைச் சுற்றி வந்து, பின்பக்கம் நின்று, பம்பரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்: "நீங்க இதுல என்னதான் சார் ஏத்துவீங்க?"

சொன்னேன். சிரித்துவிட்டு ஜாக்கியை எடுத்தார். கட்டைப் பிரித்துக் கீழிருந்து இரண்டாவது பட்டையை உருவினார். அதற்குத் தக்கபடி சென்டர் போல்ட்டையும் மாற்றினார். வண்டி ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கி, அப்பா காலத்து உயரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வேகத்தடையில் அந்த உதை இல்லை. உருவிய இரண்டு பட்டைகளையும் எண்ணெய் பூசிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார், வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி. அவர் பட்டறையில் திண்ணை இல்லை.

பழைய கட்டுகளை என்ன செய்வது என்று கேட்டார். அன்று இந்தக் கேள்வியே எழாது. ஒடிந்த பட்டை உலைக்குப் போய் அருவாளாகும், கத்தியாகும், களைவெட்டியாகும். நல்ல அருவாளுக்கு லாரிப்பட்டை வேண்டும் என்பது இன்றும் கொல்லர்கள் சொல்வதுதான். எங்கள் தோட்டத்தில் ஏலச்செடிக்கு நடுவே களை அரிந்த அருவாள்களில் குறைந்தது இரண்டு எங்கள் ஜீப்பின் பட்டையே. வண்டி சுமந்த பெண்கள் கையில் வண்டியின் வில். இப்போது பெரியவர் இல்லை. மருமகன் திருப்பூருக்குப் போய்விட்டார். புளியமரத்தடியில் போன் ரீசார்ஜ் கடை. பழைய இரும்பு வாங்குகிறவர் கட்டுகளைத் தராசில் வைத்துக் கிலோ கணக்கில் எடுத்துக்கொண்டார். உளிக்குறி இருந்த ஒன்றை மட்டும் நான் கொடுக்கவில்லை.

வண்டியை எடுக்கும்போது தம்பி சொன்னார்: "500 கிலோமீட்டர் ஓடுனதும் ஒருக்கா கொண்டாங்க சார், யு போல்ட்டை முறுக்கணும்." பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உட்காரும்போது இறுக்கம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பெரியவர் கிலோமீட்டர் சொன்னதில்லை. "மெட்டு ஏறி எறங்கிட்டு வா" என்பார்.

நான் மெட்டு ஏறி இறங்கிவிட்டுத்தான் போனேன். மீட்டரில் 61 கிலோமீட்டர் காட்டியது. தம்பி சிரித்துக்கொண்டே டார்க் ரெஞ்சை எடுத்தார். எட்டு யு போல்ட்டின் நட்டுகளும் கால் சுற்றுக் கொடுத்தன.